பழைய ரஷ்ய ஆட்சியாளரின் பட்டத்தைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

“1360இல் ரஷ்யாவின் மன்னர் யார்?” என்று புதிதாக எழுத வருபவர்களிடம் கேட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் “திமித்ரி தொன்ஸ்கோய்” என்றுதான் எழுதித் தருகிறார்கள். அந்த ஒரு வரியில் மூன்று பிழைகள் உள்ளன. அன்று ரஷ்யா என்ற ஒரே அரசு கிடையாது. ‘மன்னர்’ என்று நாம் மொழிபெயர்க்கும் பட்டமும் ஒன்றாக இல்லை. திமித்ரிக்கு அப்போது ஒன்பது வயது. விளாதிமிர் நகரின் உயர்ந்த அரியணையில் அந்த ஆண்டு அமர்ந்தவர் வேறொருவர், ஆளும் குடும்பத்தின் சுஸ்தால் கிளையைச் சேர்ந்த திமித்ரி கான்ஸ்தாந்தினோவிச்.

இந்தத் தடுமாற்றத்துக்கு அறிவுக்குறைவு காரணமல்ல. வேலையைத் தலைகீழாகத் தொடங்குவதே காரணம். பட்டத்துக்குத் தமிழ்ச் சொல்லை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குள் ஆட்களை அடைக்கிறார்கள். மொழிபெயர்ப்பு கடைசிப் படியாக இருக்க வேண்டும். அதற்கு முன் ஆறு படிகள் இருக்கின்றன. கட்டுரை, பாடநூல், மொழிபெயர்ப்பு, வினாடிவினா எதற்காக எழுதினாலும் வரிசை இதுதான்.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

ஒரு தாளில் ஆறு கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள்: ஆண்டு, அரியணை இருந்த ஊர், அதைக் கொடுத்தவர், ஆவணத்தில் உள்ள சொல், அந்தச் சொல்லைச் சொல்பவர், தமிழில். கடைசிக் கட்டத்தை இப்போது தொடாதீர்கள். மற்ற ஐந்தும் நிரம்பாமல் அதை நிரப்பினால் திரும்ப அழிக்க வேண்டிவரும்.

ரஷ்ய மொழி முழுவதும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சில சொற்களை ரஷ்ய எழுத்தில் பார்த்தவுடன் அடையாளம் காணப் பழகுங்கள். ஒரு மாலை போதும். க்னியாஸ் என்பது ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்சியாளர். வெலிக்கி என்றால் பெரிய. வ்செயா ருஸி என்றால் ‘அனைத்து ரூஸின்’; ரூஸ் என்பது இன்றைய ரஷ்யா, உக்ரைன், பெலாரூஸ் பகுதிகளில் பரவியிருந்த பழைய நிலம். கொஸ்பதீன் என்றால் ஐயா, தலைவர். கொசுதார் என்றால் உடைமையாளர், முழு அதிகாரம் உள்ள ஆண்டவர். ஜார் என்பது ‘சீசர்’ என்ற பெயரிலிருந்து தேய்ந்து வந்தது. யார்லிக் என்பது மங்கோலியக் கான் கொடுக்கும் ஆணைப் பத்திரம்.

கூடவே ரூஸை ஆண்ட ரூரிக் வம்சத்தின் கொடிவழி ஒன்றும், கீவ், விளாதிமிர், மாஸ்கோ, த்வேர், ரியாசான், நோவ்கோரத் ஆகிய ஊர்களைக் காட்டும் வரைபடம் ஒன்றும் வேண்டும்.

1. முதலில் ஆண்டை உறுதிசெய்யுங்கள்

பழைய ரூஸ் ஆண்டுக்குறிப்பேடுகள் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து ஆண்டுகளை எண்ணுகின்றன. நம் கணக்குக்குக் கொண்டுவரப் பொதுவாக 5508ஐக் கழிக்க வேண்டும். 6370 என்று இருந்தால் 862.

இங்கேயே பலர் வழுக்குகிறார்கள். ஆண்டு ஜனவரியில் தொடங்கவில்லை. பழைய எழுத்தர்கள் மார்ச்சிலும், பின்னாளில் செப்டம்பரிலும் ஆண்டைத் தொடங்கினார்கள். மார்ச் கணக்கிலேயே இரு வகை உண்டு. ஒன்றுக்கொன்று முழு ஓராண்டு வேறுபாடு. செப்டம்பர் கணக்கு என்றால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையான மாதங்களுக்கு 5509ஐக் கழிக்க வேண்டும்.

கீவை ஆண்ட அறிஞன் யாரஸ்லாவின் மறைவை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பேடு தரும் ஆண்டு 6562, நாள் தவக்காலத்தின் முதல் சனிக்கிழமை. சாதாரண மார்ச் கணக்கில் 6562ஆம் ஆண்டின் பெப்ரவரி 1055இல் விழும். ஆனால் 1054இல்தான் அந்தச் சனிக்கிழமை பெப்ரவரி 19ஆம் தேதி வருகிறது. கீவ் புனித சோஃபியா தேவாலயச் சுவரில் கீறப்பட்ட குறிப்பும் பெப்ரவரி 20 என்கிறது. ஆகவே 1054தான் சரி. கிழமையோ திருநாளோ கிடைத்தால் எப்போதும் அதை வைத்துச் சரிபாருங்கள். ஒரு ஆண்டு பிசகினால் அரியணையில் இருப்பவரே மாறிவிடுவார்.

2. எந்த ஊர் அரியணை என்று கேளுங்கள்

பட்டம் ஆளோடு ஒட்டியது என்று நாம் நினைக்கிறோம். ரூஸில் அது ஊரோடு ஒட்டியது. ஒருவரே ஒரே நேரத்தில் மாஸ்கோவின் க்னியாஸாகவும் விளாதிமிரின் வெலிக்கி க்னியாஸாகவும் இருக்கலாம். முதலாவது மட்டும் இருந்து இரண்டாவது இல்லாமலும் போகலாம்.

தொன்ஸ்கோயின் கதை அதுதான். 1359இல் தந்தை இரண்டாம் இவான் இறந்ததும் மாஸ்கோ அவருக்கு வந்தது, விளாதிமிர் வரவில்லை. 1360இல் அது சுஸ்தால் கிளைக்குப் போனது. மாஸ்கோவின் பாயார்கள், அதாவது உயர்குடிப் பிரபுக்கள், பேராயர் அலெக்சியின் துணையோடு 1362க்குப் பிறகு அதை மீட்டுத் தந்தார்கள். ஆகவே அவருக்கு இரண்டு தொடக்க ஆண்டுகள், தாளில் இரண்டு வரிசைகள். ‘ஆட்சிக்காலம் 1359–1389’ என்று ஒரே வரியில் எழுதி, பக்கத்தில் உயர்ந்த பட்டத்தைப் போட்டுவிட்டால் இந்தப் போராட்டம் முழுவதும் மறைந்துவிடும்.

1304 முதல் 1327 வரை விளாதிமிர் அரியணை பெரும்பாலும் த்வேர் கிளையிடம் இருந்தது, இடையில் சில ஆண்டுகள் மாஸ்கோவின் யூரியிடம். மாஸ்கோ வரிசையை மட்டும் வைத்துப் பட்டியல் போடுபவர்கள் த்வேரின் மிகயீலை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 1318இல் கானின் முகாமில் கொல்லப்பட்ட அந்த மனிதர்தான் அதற்கு முந்தைய பத்தாண்டுக்கும் மேலாக விளாதிமிரின் வெலிக்கி க்னியாஸ்.

இன்னொரு தொல்லை: விளாதிமிர் என்பது ஊர்ப்பெயர், ஆட்பெயரும்கூட. ‘விளாதிமிர் வெலிக்கி க்னியாஸ்’ என்று மட்டும் எழுதினால் அப்பெயருள்ள ஆளென்றே வாசகர் நினைப்பார். ‘விளாதிமிர் நகரின்’ என்று ஒரு சொல் கூட்டுங்கள்.

ஒரே காலத்தில் பல வெலிக்கி க்னியாஸ்கள் இருந்ததும் நினைவிருக்கட்டும். 14ஆம் நூற்றாண்டில் விளாதிமிர் தவிர த்வேர், ரியாசான், நிஸ்னி நோவ்கோரத் ஆட்சியாளர்களும் இந்தப் பட்டத்தைச் சூடினார்கள். லித்துவேனியாவின் வெலிக்கி க்னியாஸ் தனி. த்வேர் 1485இலும் ரியாசான் 1521இலும்தான் மாஸ்கோவுக்குள் வந்தன.

3. அரியணையைக் கொடுத்தவர் யார்?

1238 பெப்ரவரியில் விளாதிமிரையும் 1240 டிசம்பரில் கீவையும் மங்கோலியப் படை வீழ்த்தியது. 1243இல் யாரஸ்லாவ் விசெவொலதோவிச் கான் பாத்துவிடம் சென்று பதவி உறுதி பெற்றுத் திரும்பினார். அதற்குப் பிறகு மூத்தவர் என்ற உரிமை மட்டும் போதவில்லை. கானின் யார்லிக் வேண்டியிருந்தது.

இந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் 1328ஐ விளக்க முடியாது. முந்தைய ஆண்டு த்வேரில் நடந்த கிளர்ச்சிக்குப் பின் கான் உஸ்பெக் அரியணையையே இரண்டாகப் பிரித்தார். மாஸ்கோவின் இவான் கலிதாவுக்கு நோவ்கோரதும் கஸ்த்ரமாவும். சுஸ்தாலின் அலெக்சாந்தருக்கு விளாதிமிரும் வோல்கா கரையும். 1331இல் சுஸ்தால்காரர் இறந்த பிறகே கலிதா தனி உரிமையாளர் ஆனார். ‘கலிதா 1328இல் விளாதிமிர் நகரைப் பெற்றார்’ என்று எழுதுவது மிகவும் பரவிய பிழை.

4. ஆவணத்தின் உண்மையான சொல்லைப் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வேலை சுவைப்பதும் இங்கேதான்.

இவான் கலிதாவின் உயில் எப்படித் தொடங்குகிறது? “இதோ, பாவியும் எளியவனுமான கடவுளின் அடிமை இவானாகிய நான், ஓர்டாவுக்குப் போகும் வேளையில், எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு அறிவோடும் உடல்நலத்தோடும் எழுதுகிறேன்.” ஓர்டா என்பது கானின் தலைமையிடம். இந்த வரியில் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் அடியில் தொங்கும் முத்திரை ‘வெலிக்கி க்னியாஸ் இவானின் முத்திரை’ என்கிறது. இறைவன்முன் பேசும்போது அடிமை, ஊரார்முன் பேசும்போது வெலிக்கி க்னியாஸ். இரண்டும் ஒரே ஆவணத்தில் உள்ளன. உயிலின் முதல் வரியை மட்டும் பார்த்து ‘அவர் அப்பட்டத்தைப் பயன்படுத்தவில்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

உள்ளே போங்கள். மஜாயிஸ்க், கலோம்னா, செர்ப்புகோவ் என்று ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். தங்கச் சங்கிலிகள், இடைக்கச்சைகள்வரை கணக்கு இருக்கிறது. விளாதிமிர் அரியணை மட்டும் அதில் இல்லை. அது கானிடமிருந்து வந்தது, மகனுக்கு எழுதிவைக்கும் உரிமை தகப்பனுக்குக் கிடையாது.

இப்போது அவருடைய பேரன் தொன்ஸ்கோய் 1389இல் எழுதிய உயிலைப் பக்கத்தில் வையுங்கள். “என் மகன் க்னியாஸ் வசீலியை என் தந்தைவழிச் சொத்தாகிய வெலிக்கி க்னியாஸ் ஆட்சியால் ஆசீர்வதிக்கிறேன்” என்கிறார். அதே பட்டம், அதே அரியணை. ஆனால் கான் கொடுப்பதாக இருந்தது குடும்பச் சொத்தாகிவிட்டது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் நடந்ததெல்லாம் இந்த ஒற்றைச் சொல் மாற்றத்தில் இருக்கிறது. பட்டம் மாறாமலே அதன் பொருள் மாறும் என்பதைப் புதியவர்களுக்கு விளக்க நான் வேறெதையும் காட்டுவதில்லை. இந்த இரண்டு உயில்களே போதும்.

முத்திரைகளையும் இப்படியே அடுக்கிப் பாருங்கள். கலிதாவின் முத்திரையில் பெயரும் பட்டமும் மட்டும். மகன் செமியோனின் முத்திரையில் ‘வ்செயா ருஸி’ சேர்ந்துவிடுகிறது. இரண்டாம் வசீலியின் நாணயங்களில் ‘அனைத்து ரூஸ் நிலத்தின் கொசுதார்’ வருகிறது.

ஒரு எச்சரிக்கை. ஆண்டுக்குறிப்பேட்டில் பட்டம் இருந்தால், அது நிகழ்ச்சி நடந்த காலத்துச் சொல்லா, படியெடுத்த காலத்துச் சொல்லா என்று கேளுங்கள். பைசாந்தியத்தோடு 911இல் செய்த உடன்படிக்கையில் ஒலெக் ‘வெலிக்கி க்னியாஸ்’ என்று வருகிறார். ஆனால் நம் கையில் உள்ள மிகப் பழைய தேதியிட்ட பிரதி 1377ஐச் சேர்ந்தது. விசெவொலத் 1176 முதல் 1212 வரை விளாதிமிரை ஆண்ட காலத்துக்கு முன் இந்தச் சொல் நிலையான பட்டமாக இருந்ததற்குச் சான்று மெலிவு. அதனால் 10, 11ஆம் நூற்றாண்டு ஆட்சியாளர்களுக்கு வெறும் ‘க்னியாஸ்’ என்று எழுதுவதே என் வழக்கம்.

5. யார் யாரை அழைக்கிறார்கள்?

ஆவணத்தில் சொல் கிடைத்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். அதைச் சொன்னது யார் என்று எழுதுங்கள். ஒரே ஆட்சியாளரைக் கிரேக்கர் ‘ஆர்க்கோன்’ என்பார்கள், லத்தீனில் எழுதுபவர்கள் ‘ரெக்ஸ்’ என்பார்கள். பேராயர் இலரியோன் 11ஆம் நூற்றாண்டில் க்னியாஸ் விளாதிமிரைப் புகழும்போது புல்வெளி மக்களின் ‘ககான்’ என்ற சொல்லைக் கையாள்கிறார். முன்பு சொன்ன கீவ் சுவர்க் குறிப்பு யாரஸ்லாவை ‘நம் ஜார்’ என்கிறது. இவை எதுவும் பொய்யல்ல. எதுவும் நிலையான பட்டமும் அல்ல. புகழுரையும் இரங்கலும் அரசு ஆவணங்கள் ஆகாது. ‘முதல் ஜார் யாரஸ்லாவ்’ என்று எழுதிவிடாதீர்கள்.

பெரிய பொறி ‘ஜார்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையான ஆண்டுக்குறிப்பேடுகளில் ‘ஜார்’ என்று வந்தால் அது பெரும்பாலும் மங்கோலியக் கான்; சில இடங்களில் கான்ஸ்டாண்டினோபிள் பேரரசர். ‘ஜார் உஸ்பெக்’ என்று வரும் இடத்தில் உஸ்பெக் என்பது கானின் பெயர். தொடக்கத்தில் நானும் ‘க்னியாஸ் ஜாரிடம் சென்றார்’ என்ற வரியைப் படித்து, மாஸ்கோவுக்கு யாரோ போனார்கள் என்று எழுதியிருக்கிறேன். அச்சேறிய பிறகுதான் பிழை தெரிந்தது. போனவர் மாஸ்கோக்காரர், போன இடம் ஓர்டா.

அழைக்கும் சொல்லுக்காகப் போரே வந்திருக்கிறது. நோவ்கோரத் மக்கள் மாஸ்கோ ஆட்சியாளரை எப்போதும் ‘கொஸ்பதீன்’ என்றே அழைத்தார்கள். மரியாதைதான், ஆனால் அடிமைத்தனம் இல்லை. 1477இல் அந்நகரத் தூதர்கள் மூன்றாம் இவானை ‘கொசுதார்’ என்று அழைத்துவிட்டார்கள். உடனே இவான், “அப்படியானால் என்ன மாதிரியான ஆட்சியை விரும்புகிறீர்கள்?” என்று ஆளனுப்பிக் கேட்டார். நகரம் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று மறுத்தது. படை புறப்பட்டது; 1478 ஜனவரியில் நோவ்கோரத் பணிந்தது, மக்களைக் கூட்டும் அதன் மன்ற மணி மாஸ்கோவுக்குக் கொண்டுபோகப்பட்டது. இந்த இரண்டு சொற்களையும் ‘தலைவர்’ என்று ஒரே சொல்லால் மொழிபெயர்த்தால் அந்தப் போர் ஏன் நடந்தது என்று வாசகருக்குப் புரியவே புரியாது.

அண்டை அரசு ஏற்றதா என்பதையும் குறியுங்கள். மூன்றாம் இவானை ‘அனைத்து ரூஸின் கொசுதார்’ என்று லித்துவேனியா 1494 உடன்படிக்கையில்தான் ஒப்புக்கொண்டது. ரூஸ் நிலங்களில் பாதியை அது ஆண்டுகொண்டிருந்ததால் தயக்கம் இயல்பானதே.

6. ஊர்ப்பட்டியலைப் பிரித்துப் படியுங்கள்

1497ஆம் ஆண்டு முத்திரை உங்கள் பயிற்சித்தாள். ஒருபுறம் குதிரைவீரன், மறுபுறம் இரட்டைத்தலைக் கழுகு. குதிரைவீரனைச் சுற்றி ‘இறையருளால் இவான், அனைத்து ரூஸின் கொசுதார், வெலிக்கி க்னியாஸ்’. கழுகைச் சுற்றி ஒன்பது ஊர், நிலப் பெயர்கள், எல்லாம் சுருக்கெழுத்தில்: விளாத், மாஸ், நோவ், ப்ஸ்க், த்வே, உகோ, வியாத், பெர், பொல்.

விளாதிமிர் முதலில், மாஸ்கோ இரண்டாவது. ஆண்டது மாஸ்கோவிலிருந்து, மதிப்பு விளாதிமிரிலிருந்து. வரிசையை மாற்றி எழுதாதீர்கள்.

‘பொல்’ என்பது இன்றைய பல்கேரியா அல்ல. வோல்கா கரையில் இருந்த பொல்கார் நிலம், அதாவது கஸான் வட்டாரம். 1487இல் இவான் தனக்கு வேண்டிய ஒருவரைக் கஸானில் அமர்த்தியதால் அந்தப் பெயர் பட்டியலில் ஏறியது. ‘உகோ’ யூரல் மலையை ஒட்டிய யுக்ரா நிலம்; ஹங்கேரி என்று மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன்.

ப்ஸ்கோவ் முறைப்படி இணைக்கப்பட்டது 1510இல், அதாவது முத்திரைக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. ஆகவே பட்டியலில் பெயர் இருப்பது உரிமை கோரியதற்குச் சான்று. நேரடி ஆட்சிக்குத் தனிச் சான்று தேடுங்கள்.

7. இப்போதுதான் தமிழ்

‘க்னியாஸ்’ என்பதற்கு ‘இளவரசர்’ வேண்டாம். இளவரசர் என்றால் அரசரின் மகன், இன்னும் ஆட்சிக்கு வராதவர். க்னியாஸ் ஆள்பவர். ‘மாஸ்கோவின் இளவரசர்’ என்று படிக்கும் வாசகர், அப்படியானால் அரசர் எங்கே என்று தேடுவார். ‘பெரிய இளவரசர்’ இன்னும் மோசம்.

நான் ‘கோ’, ‘பெருங்கோ’ என்று எழுதுகிறேன். சங்கப் பெயர்களில் பழகிய சொல், குறுகியது, ஆள்பவர் என்பதில் ஐயமில்லை, சிறியது பெரியது என்ற படிநிலையும் தானாக வந்துவிடுகிறது. ஒலிபெயர்ப்பே வேண்டும் என்பவர்கள் ‘க்னியாஸ்’ என்றே கடைசிவரை எழுதட்டும். பாதியில் மாற்றுவதுதான் குற்றம். கொசுதாரை ‘ஆண்டவர்’ என்றால் கோயில் நினைவுக்கு வரும் என்பதால் ஒலிபெயர்த்தே விடுகிறேன்.

18ஆம் நூற்றாண்டிலிருந்து இதே ‘வெலிக்கி க்னியாஸ்’ பேரரசரின் மகன்கள், சகோதரர்கள் போன்ற நெருங்கிய உறவினரைக் குறித்தது. அங்கே ‘இளவரசர்’ பொருந்தும். ஒரே ரஷ்யச் சொல், இரண்டு காலம், இரண்டு தமிழ்ச் சொல். இதற்காகத்தான் ஆண்டை முதல் கட்டத்தில் வைத்தோம்.

‘வ்செயா ருஸி’ என்பதை ‘ரஷ்யா முழுவதும்’ ஆக்காதீர்கள். ‘அனைத்து ரூஸ்’ என்றே வையுங்கள். அந்தச் சொல்லுக்குள் இன்றைய உக்ரைன், பெலாரூஸ் நிலங்களும் உள்ளன. அதனால்தான் லித்துவேனியா அவ்வளவு காலம் முரண்டியது.

‘ஜார்’ தமிழில் வேரூன்றிய சொல், மாற்ற வேண்டாம். ஆனால் தேதிகளில் கவனம். நான்காம் இவான் 1533இல் மூன்று வயதில் பெருங்கோ. 1547 ஜனவரி 16இல் முடிசூடியபின் ‘ஜாரும் பெருங்கோவும்’. பழைய பட்டத்தை அவர் விடவில்லை, எனவே இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். அவருடைய பாட்டனார் மூன்றாம் இவான் பால்டிக் கரையில் இருந்த லிவோனியாவுக்கும் ஜெர்மன் நகரங்களுக்கும் எழுதிய ஆவணங்களில் ‘ஜார்’ என்று ஏற்கெனவே போட்டுப் பார்த்திருக்கிறார். அது அயலாரிடம் மட்டும், முடிசூட்டு இல்லாமல். கான்ஸ்டாண்டினோபிள் பேட்ரியார்க்கின், அதாவது அந்தத் திருச்சபைத் தலைவரின், ஒப்புதல் 1561இல் வந்தது. போலந்து அரசர் ஏற்க மறுத்து, பெருங்கோ என்றே எழுதிவந்தார்.

8. ஒரு வரிசையை நிரப்பிப் பாருங்கள்: 1575

கற்றுக்கொண்டவர்களுக்கு நான் கடைசியாகக் கொடுக்கும் பயிற்சி இந்த ஆண்டு. நான்காம் இவான் உயிரோடிருக்கிறார், ஜாராகி 28 ஆண்டுகள் ஆகிவிட்டன. பழகிய கை உடனே ‘ஜார்’ என்று எழுதிவிடும்.

ஆவணத்தைத் திறந்தால் 1575 அக்டோபர் 30 தேதியிட்ட விண்ணப்பம் ஒன்று. பெறுபவர்: “கொசுதார், அனைத்து ரூஸின் வெலிக்கி க்னியாஸ் சிமியோன் பெக்புலாத்தோவிச்.” கிறித்தவரான செங்கிஸ்கான் வழித்தோன்றல் அவர். அனுப்புபவர்: “இவானெத்ஸ் வசீலியெவ், தன் பிள்ளைகள் இவானெத்ஸோடும் ஃபியோதரெத்ஸோடும் தலை தாழ்த்தி வேண்டுகிறான்.” இவானெத்ஸ் என்பது ‘இவான் பயல்’ என்கிற மாதிரி, தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் வடிவம். எழுதியவர் நான்காம் இவானேதான்.

தாளில் இப்படி வரும். ஆண்டு: 1575. ஊர்: மாஸ்கோ. கொடுத்தவர்: நான்காம் இவான். ஆவணச் சொல்: அனைத்து ரூஸின் வெலிக்கி க்னியாஸ். சொல்பவர்: அதே இவான், குடிமகனாகத் தன்னை நிறுத்திக்கொண்டு. தமிழில்: அனைத்து ரூஸின் பெருங்கோ சிமியோன். அதற்குக் கீழே இவானுக்கு இன்னொரு வரிசை: ‘மாஸ்கோவின் கோ’, அந்த மாதங்களில் உள்நாட்டில் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பட்டம். ஏறத்தாழ ஓராண்டில் சிமியோன் இறக்கப்பட்டு த்வேரின் பெருங்கோ ஆகிறார். அவருக்கு மூன்றாவது வரிசை, 1576.